கையெழுத்துக் கேட்காத கல்லூரி

மேசைமீது ஓர் ஏடு. அருகே மைக்கூடு. எதிரே பதினேழு வயது இளைஞன். "ஏற்கிறேன் என்று கையொப்பமிடு, பிறகு உள்ளே போ!" என்கிறது பல்கலைக்கழகம்.

எதை ஏற்கவேண்டும்? முக்கோணத்தின் கோணங்கள் மூன்றும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்பதையா? பூமி கதிரவனைச் சுற்றுகிறது என்பதையா? இல்லை, தோழர்களே! இங்கிலாந்துத் திருச்சபை வகுத்த 39 சமயக் கூறுகளை! பிறக்கும்போதே மனிதன் பாவத்தோடு பிறக்கிறான் என்பதை. மீட்சி பெறப்போகிறவர் யார் என்று உலகம் தோன்றுமுன்பே தீர்மானித்தாயிற்று என்பதை. இவற்றை நம்புகிறவன்தான் கிரேக்கம் படிக்கலாம், இலத்தீன் படிக்கலாம், கணக்கும் போடலாம். நம்பாதவன்? வந்த வழியே திரும்பவேண்டியதுதான்.

ஆக்ஸ்போர்டில் நுழையும்போதே கையொப்பம். கேம்பிரிட்ஜ் கொஞ்சம் தாராளம்! வா, படி, தேர்வும் எழுது, முதல் வரிசையில் தேறிக்கூடக் காட்டு. பட்டம் வேண்டுமென்றால் மட்டும் திருச்சபைக்கு உட்பட்டவன் என்று எழுதிக்கொடு என்றது. பந்தியில் உட்காரவைத்து, இலையும் போட்டு, சோறு வரும் நேரத்தில் எழுப்பிவிடும் பண்பாடு நமக்குப் புதிதல்ல. அங்கேயும் அது இருந்தது என்பதுதான் செய்தி.

இருண்ட காலத்துக் கதையன்று இது. ஸ்டாக்டனுக்கும் டார்லிங்டனுக்கும் இடையே நீராவி வண்டி ஓடத் தொடங்கிய 1825ஆம் ஆண்டிலும் இதுவே நிலை. அன்று இங்கிலாந்து முழுமைக்கும் பல்கலைக்கழகங்கள் இரண்டே இரண்டு. இரண்டும் திருச்சபையின் இடுப்புச் சாவிக்கொத்தில். கத்தோலிக்கர், யூதர், திருச்சபைக்கு உட்படாத கிறித்தவர், எதையும் நம்பாதவர் அனைவரும் வெளியே.

அவ்வாண்டு பிப்ரவரியில் 'டைம்ஸ்' ஏட்டில் ஒரு திறந்த மடல் வந்தது. எழுதியவர் தாமஸ் கேம்பல் என்னும் கவிஞர், ஸ்காட்லாந்துக்காரர். ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களில் மாணவனிடம் இந்தச் சமயச் சோதனை இல்லை. ஜெர்மனிக்குச் சென்று பான் நகரத்துப் பல்கலைக்கழகத்தையும் பார்த்து வந்தவர் அவர். இலண்டன் மாநகருக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று அரசியல் தலைவர் புரூமுக்கு அம்மடலை விடுத்தார்.

எண்ணிப் பாருங்கள்! உலகின் வாணிகமெல்லாம் வந்து குவியும் துறைமுகம், நாடாளும் மன்றம், நீதிமன்றங்கள், அச்சகங்கள், நாடக அரங்குகள், 15 இலட்சம் மக்கள் இத்தனையும் உள்ள நகரில் பல்கலைக்கழகம் மட்டும் இல்லை. படிக்க விரும்பியவன் ஆற்றங்கரைச் சிற்றூர் இரண்டில் ஒன்றுக்குச் செல்லவேண்டும், கையொப்பமிடவேண்டும்.

பங்கு ஒன்றுக்கு 100 பவுன் என்று கூட்டுப்பங்குக் கம்பெனி தொடங்குவது போலவே தொடங்கினார்கள். பாதிரியும் வணிகனும் மருத்துவனும் சேர்ந்தார்கள். ஜேம்ஸ் மில் சேர்ந்தார். இந்தியாவைக் கண்ணால் காணாமலே இந்திய வரலாற்றைப் பல பாகங்களில் எழுதித் தள்ளினாரே, அந்த மில்தான். இங்கே செய்தது நல்ல வேலை. ஐசக் லயன் கோல்ட்ஸ்மிட் என்னும் யூதச் செல்வர் மற்றும் இருவரோடு சேர்ந்து 30,000 பவுனுக்கு நிலத்தை வாங்கிவைத்தார். யூதர் ஒருவர் தம் சமய நெறி பிசகாமல் நாடாளுமன்றத்தில் அமர 1858 வரை காத்திருக்கவேண்டியிருந்தது என்பதை நினைவில் கொண்டால், அந்தக் கொடையின் பொருள் விளங்கும். நீதிமன்றமும் நாடாளுமன்றமும் திறக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தை முதலில் கட்டினார்.

வாங்கிய நிலம் கோவர் தெருவில், குப்பையும் சேறுமாகக் கிடந்த இடம். விடுவார்களா பழைமையின் காவலர்கள்? கேலி ஏடுகள் கெக்கலி கொட்டின. 'ஸ்டிங்கோமலி' என்று பெயர் சூட்டினார் தியடோர் ஹூக் என்னும் எழுத்தாளர். நாற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் ஈழத்துத் திருகோணமலைக்கு ஆங்கிலேயர் வைத்த திரிங்கோமலி என்னும் பெயரையும் ஒட்டிப்போட்ட நையாண்டி! நம் திருகோணமலை எந்தப் பாவமும் அறியாது. கடைக்காரன் பிள்ளையும் கசாப்புக்காரன் பிள்ளையும் கிரேக்கம் படிப்பதா என்பது அவர்கள் எரிச்சல். அதற்கு அகப்பட்டது எங்கோ கடல் கடந்த ஊர்ப்பெயர்.

1828 அக்டோபரில் வகுப்புகள் தொடங்கின. வழிபாட்டுக் கூடம் இல்லை. சமயவியல் துறை இல்லை. மாணவர் விடுதியும் இல்லை. இந்த மூன்றாவது இல்லாமை சிறியதன்று. ஆக்ஸ்போர்டில் மதிலுக்குள் வாழ்க்கை. மணியடித்தால் உணவு, மணியடித்தால் வழிபாடு. இலண்டனில் காலையில் வீட்டில் உண்டுவிட்டு, தெருக்களில் நடந்து, வேதியியல் வகுப்பில் உட்கார்ந்து, மாலையில் அதே தெருக்கள் வழியே வீடு திரும்பினான் மாணவன். விடுதிச் செலவில்லாததால் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கும் படிப்பு எட்டியது. நகரம் அவனுக்கு விடுதி. நகரமே அவனுக்கு இரண்டாம் ஆசிரியன். கூப்பிடு தொலைவில் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் அதன் நூலகமும். அங்கே பின்னாளில் எழுந்த புகழ்பெற்ற வட்ட வாசிப்புக்கூடத்தைத் திட்டமிட்ட பனிட்சி யார் தெரியுமா? இத்தாலியில் விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டதற்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, தப்பி ஓடிவந்தவர். அகதியாக வந்தவரை 1828இல் இத்தாலிய மொழிப் பேராசிரியராக அமர்த்தியது கோவர் தெருக் கல்லூரிதான்.

ஆங்கில இலக்கியத்துக்கு இங்கிலாந்திலேயே முதற் பேராசிரியர் பதவி இங்கேதான் ஏற்பட்டது. வியப்பாக இல்லையா? தாய்மொழி இலக்கியம் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தக்கதன்று என்று ஆங்கிலேயனும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தான்! இலத்தீனும் கிரேக்கமும் போதும் என்று இருந்தவர்களின் கூட்டத்துக்கு நம் நாட்டிலும் உறவினர் உண்டு.

'கோவர் தெருவின் கடவுளற்ற நிலையம்' என்று திருச்சபைப் பக்கத்தார் தூற்றினர். தூற்றியதோடு நிற்கவில்லை, எதிர்க்கல்லூரி ஒன்றையும் தொடங்கினர். அரசரின் ஆதரவு, தலைமையமைச்சர் வெலிங்டன் கோமகனின் ஆதரவு, ஆயர்களின் ஆதரவு எல்லாம் அமைந்த அதுதான் கிங்ஸ் கல்லூரி. 1829இல் சாசனம், 1831இல் திறப்பு. இடையில் ஒரு கூத்தும் நடந்தது. கத்தோலிக்கருக்கு உரிமை வழங்க வெலிங்டன் இசைந்தார் என்று வெகுண்ட வின்செல்சி பிரபு, கல்லூரியைத் திரையாக வைத்துக்கொண்டு நாட்டைக் கத்தோலிக்கரிடம் காட்டிக்கொடுக்கிறார் என்று குற்றம்சாட்ட, 1829 மார்ச் 21 அன்று இருவரும் பேட்டர்சி வயல்வெளியில் துப்பாக்கி ஏந்தி நின்றனர். நாட்டின் தலைமையமைச்சர்! இருவர் குண்டும் எவர்மீதும் படவில்லை. சமயம் அன்பை வளர்க்கிறது என்பார்கள். அன்று காலை அது இரண்டு குண்டுகளைத்தான் வீணாக்கியது.

1836இல் ஒரு சமரசம். இலண்டன் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பு ஒன்று ஏற்பட்டது. கோவர் தெரு நிலையம் யூனிவர்சிடி கல்லூரி என்று பெயர் பெற்று அதன்கீழ் வந்தது. கிங்ஸ் கல்லூரியும் வந்தது. இந்த அமைப்பைப் பார்த்துத்தான் 1857இல் சென்னை, பம்பாய், கல்கத்தாப் பல்கலைக்கழகங்களை வெட்டி ஒட்டினார்கள். கற்பிக்காமல் தேர்வு மட்டும் நடத்தும் பல்கலைக்கழகம் என்ற விந்தை நமக்கு வந்து சேர்ந்த வழி இது. இலண்டன் 1900இல் அதைத் திருத்திக்கொண்டு கற்பிக்கவும் தொடங்கியது. வினாத்தாளைக் கண்டு நடுங்கும் பிள்ளைகளை நாள்தோறும் பார்க்கும் ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன்: வீட்டின் வாயிற்படியை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்து நம் ஊரில் நட்டார்கள், வீடு அங்கேயே இருந்துவிட்டது.

அந்த வீட்டில் குடியிருந்த ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனையும் சொன்னேன். நம் பள்ளிகளில் கணக்கு ஆசிரியர் கணங்களைப் பற்றிய பாடத்தில் டி மார்கன் விதிகள் என்று கரும்பலகையில் எழுதுகிறாரே, அந்த அகஸ்டஸ் டி மார்கன். பிறந்த ஊர்? மதுரை! ஆம், நம் மதுரைதான். கம்பெனிப் படை அதிகாரி ஒருவரின் மகனாக 1806 ஜூன் 27 அன்று அங்கே பிறந்தார். பதினைந்து நாளுக்குள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். குழந்தைக்கு ஏழு மாதமானபோது குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. மதுரைக்கும் அவருக்கும் அதற்குமேல் தொடர்பு ஏதுமில்லை. இல்லாத உறவைக் கொண்டாடவேண்டியதும் இல்லை. பிறந்த சில நாளிலேயே ஒரு கண்ணின் பார்வை போயிற்று. விளையாட்டில் சேர்க்காமல் சக மாணவர் ஒதுக்கினர்.

கேம்பிரிட்ஜில் 1827இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம். கல்லூரி ஆய்வாளர் பதவி கைக்கெட்டும் தூரம். முதுகலைப் பட்டமும் அப்படியே. இடையில் நின்றது அந்தக் கையொப்பம் ஒன்றுதான். நாத்திகர் அல்லர் டி மார்கன்; கடவுள் நம்பிக்கை அவருக்கு உண்டு. ஆயினும் கணக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவனிடம் உன் கடவுள் யார் என்று கேட்க உனக்கு என்ன உரிமை என்பது அவர் வழக்கு. கையொப்பமிட மறுத்தார். கதவு சாத்தப்பட்டது. கேம்பிரிட்ஜ் இழந்ததை இலண்டன் அள்ளிக்கொண்டது: 1828இல், இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாத அந்த இளைஞரைக் கணிதப் பேராசிரியராகத் தேர்ந்தெடுத்தது கோவர் தெரு!

முதல் ஆண்டு அவரிடம் படித்தவர்களில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன். ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர்; யூதக் குடும்பம். சக மாணவன்மீது மேசைக்கத்தியை ஓங்கினான் என்ற புகாரில் சில மாதத்திலேயே கல்லூரியைவிட்டுப் போனான் என்பர்; அது கிடக்கட்டும். அவன் பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று 1837இல் கணிதத்தில் இரண்டாமிடம் பெற்றான். பட்டம்? யூதனுக்கா! கேம்பிரிட்ஜ் மறுத்தது. அடுத்த ஆண்டே அவனைப் பேராசிரியராக, தன் ஆசிரியர் டி மார்கனுக்குப் பக்கத்து அறையில் அமர்த்தியது கடவுளற்ற கல்லூரி. பட்டம் 1841இல் அயர்லாந்தின் டப்ளினிலிருந்து வந்தது. நம் மாணவர்கள் இன்று 'அணி' என்று படிக்கும் கணிதப் பொருளுக்கு மேட்ரிக்ஸ் என்ற பெயரை இட்டவர் அவரே.

டி மார்கனின் கண் இந்தியாவையும் பார்த்தது. டில்லியில் ராமசந்திரா என்னும் ஆசிரியர் 1850இல் கல்கத்தாவில் வெளியிட்ட கணித நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. பழுப்பேறிய தாள், அறியாத பெயர் என்று ஒதுக்கவில்லை. கம்பெனி இயக்குநர்களிடம் வாதாடி, நீண்ட முன்னுரையும் எழுதி, 1859இல் இலண்டனிலேயே மறுபதிப்பாக்கினார். முந்தின இரண்டாண்டில் டில்லியில் ஓடிய குருதி காயாத நேரம் அது. இந்தியன் என்றாலே வெள்ளையர் பலர் பல்லைக் கடித்த நேரம்.

இனி, பகுத்தறிவாளர்க்குச் சற்றுக் கசக்கும் செய்தி. 1866இல் கல்லூரியில் மனவியல், தருக்கப் பேராசிரியர் பதவி காலியாயிற்று. ஜேம்ஸ் மார்டினோ விண்ணப்பித்தார். தகுதியில் குறையில்லை. ஆனால் அவர் யூனிடேரியன் பிரிவின் போதகர். ஆட்சிக்குழுவில் ஜார்ஜ் குரோட் எதிர்த்தார். கிரேக்க வரலாறு எழுதிய பேரறிஞர். பெந்தமின் வழிவந்த அசல் பகுத்தறிவாளர். போதகர் ஒருவர் தருக்கம் கற்பித்தால் கல்லூரியின் சமயச் சார்பின்மை கெடும் என்பது அவர் வாதம். மார்டினோவுக்குப் பதவி இல்லை என்றாயிற்று.

கேட்டார் டி மார்கன். முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட பணி. வேறு வருவாய் பெரிதாக இல்லை. ஆனாலும் பதவி விலகல் கடிதத்தை எழுதினார். நம்புகிறாயா என்று கேட்டுச் சேர்ப்பதும், நம்புகிறாய் என்பதற்காகத் தள்ளுவதும் அவருக்கு ஒரே கையொப்பத்தின் இரண்டு பக்கங்கள். கேட்காமலிருப்பதே கல்லூரியின் உறுதிமொழி. அதைக் கல்லூரியே முறித்துவிட்டது!

குரோட் பக்கம் நியாயமே இல்லையா என்று கேட்கும் தோழர்கள் இருப்பார்கள். புரோகிதன் கையில் பள்ளிக்கூடம் சிக்கிய நாடுகளின் கதை நமக்குத் தெரியும். அந்த அச்சம் பொய்யன்று. ஆயினும் நான் டி மார்கன் பக்கமே நிற்கிறேன். மார்டினோ கற்பிக்கவிருந்தது தருக்கம். அதில் அவர் தவறினால் தவறு என்று காட்ட மாணவர்க்கு உரிமையுண்டு, குரோட்டுக்கும் உண்டு. அங்கியைப் பார்த்து அறிவை அளப்பவன், பூணூலைப் பார்த்து அறிவை அளப்பவனுக்கு எப்படி மறுமொழி சொல்வான்?

சில ஆண்டு கழித்துப் பழைய மாணவர்கள் வந்தனர். கல்லூரி நூலகத்தில் வைக்க உங்கள் மார்பளவுச் சிலை வேண்டும், உட்கார இசையுங்கள் என்றனர். நாம் அறிந்த கல்லூரி இப்போது இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டார். 1871 மார்ச் 18 அன்று இறந்தார். மூன்று மாதத்தில், ஜூன் 16 அன்று, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டர்ஹம் பல்கலைக்கழகங்களின் சமயச் சோதனையைப் பெரும்பாலும் ஒழிக்கும் சட்டம் வந்தது. பட்டம் மறுக்கப்பட்ட சில்வெஸ்டரை 1883இல் ஆக்ஸ்போர்டே வடிவியல் பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

பெண்களுக்கு? 1878இல் இலண்டன் பல்கலைக்கழகம் எல்லாப் பட்டங்களையும் பெண்களுக்குத் திறந்தது. பிரிட்டனில் அதுவே முதல். கேம்பிரிட்ஜ் பெண்ணுக்கு முழுப் பட்டம் வழங்கியது 1948இல். காந்தியார் கொல்லப்பட்ட ஆண்டு என்று சொன்னால் எவ்வளவு தாமதம் என்று புரியும். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875இல் சேர்ந்து படித்த மேரி ஷார்லிப் அம்மையார் இலண்டன் சென்று 1882இல் மருத்துவப் பட்டம் பெற்று மீண்டு வந்தார். 1885இல் அவர் முயற்சியால் எழுந்த மகளிர் மருத்துவமனை, கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் திருவல்லிக்கேணியில் இன்றும் நிற்கிறது. ஆனால் கோவர் தெருக் கல்லூரியின் சொந்த மருத்துவ வகுப்பறை? முதல் உலகப்போர்க் காலம் வரை பெண்ணுக்குத் திறக்கவில்லை. கடவுளற்ற கல்லூரிதான், ஆணற்ற கல்லூரி அன்றே!

இன்னொரு கறை இதனினும் பெரிது. பிரான்சிஸ் கால்டன் என்பவர் டார்வினின் உறவினர். அரசர் நீடு வாழ்க என்று கோயில்தோறும் வேண்டுகிறார்களே, பயனுண்டா என்று 1872இல் கணக்கெடுத்துப் பார்த்தார். வேண்டுதலே இல்லாத மற்ற மேட்டுக்குடியினரைவிட அரசர்களே குறைந்த ஆயுளில் மாண்டனர் என்று வெளியிட்டார். படிக்கும்போது கைதட்டத் தோன்றுகிறதல்லவா? அதே மனிதர் 1883இல் யூஜெனிக்ஸ் என்ற சொல்லைப் படைத்தார். நல்ல பிறப்பு, தாழ்ந்த பிறப்பு என்று மாந்தரைப் பிரித்து, நல்லவர் பெருகவும் மற்றவர் குறையவும் வழி தேடும் 'அறிவியல்'. அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1911இல் அத்துறைக்குப் பேராசிரியர் பதவி அமைந்தது. எங்கே? கோவர் தெருவில்.

முதலில் அமர்ந்தவர் கார்ல் பியர்சன். புள்ளியியலின் தந்தையருள் ஒருவர். சுதந்திர சிந்தனையாளர், அப்பெயரிலேயே நூலும் எழுதியவர். திருச்சபை அவரை ஆட்டிவைக்கவில்லை. எந்த ஏட்டிலும் அவர் கையொப்பமிடவில்லை. ஆயினும் இலண்டனில் குடியேறிய ருசிய, போலந்து யூதர்களின் பள்ளிப் பிள்ளைகளை அளந்து, அவர்கள் சராசரியில் உடலாலும் அறிவாலும் தாழ்ந்தவர் என்று 1925இல் 'அனல்ஸ் ஆஃப் யூஜெனிக்ஸ்' என்னும் ஆய்விதழின் முதல் தொகுதியிலேயே எழுதினார். யூதர் ஒருவரின் பணமும் சேர்ந்து வாங்கிய நிலத்தில் நின்ற கல்லூரியில்! மனு பிரமனின் முகத்தையும் காலையும் காட்டினான். பியர்சன் அட்டவணையைக் காட்டினார். அட்டவணைக்குக் கூடுதல் மதிப்பு, ஏனெனில் அதைக் கேள்வி கேட்கக் கற்றவர் குறைவு.

கால்டன், பியர்சன் பெயர்கள் விரிவுரைக் கூடங்களிலும் கட்டடத்திலும் பொறிக்கப்பட்டிருந்தன. அந்த ஆய்விதழ் 1954இல் 'அனல்ஸ் ஆஃப் ஹியூமன் ஜெனெடிக்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்று 40,000க்கும் மேற்பட்ட மாணவர் படிக்கும் அக்கல்லூரியில், மாணவரும் ஆசிரியரும் எழுப்பிய வினாக்களுக்குப் பிறகு, 2020 ஜூனில் சுவர்ப்பெயர்கள் எடுக்கப்பட்டன. 2021 ஜனவரியில் கல்லூரி மன்னிப்புக் கேட்டது. பியர்சன் அளந்த பிள்ளைகளில் அதைக் கேட்க எவரேனும் உயிரோடு இருந்திருந்தால் நூறு வயதைத் தாண்டியிருப்பர்.